கடல் இல்லாத வரைபடம்

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், அச்சிட்ட வரைபடங்களை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் மேலேயே ரம்பத்தை ஓட்டித் துண்டுகளாக்கி விற்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவற்றை ஒன்றுசேர்த்தபடியே பூகோளம் படித்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குழந்தைகளுக்கும் இப்படித்தான் பாடம் நடந்தது. மரமும் கைவேலையும் சேர்ந்து விலை ஏறியதால், குறைந்த விலையில் வாங்க நினைத்தவர்களுக்குக் கடலை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தார் ஸ்பில்ஸ்பரி. ஜிக்ஸா புதிர் பிறந்த கையோடு அதன் சிக்கனப் பதிப்பும் பிறந்துவிட்டது.

கோவையின் பெரிய கடைகளில் ஆயிரம் துண்டு வெளிநாட்டுப் புதிர்ப் பெட்டியைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்த விளையாட்டை மலிவாக ஆடும் வழிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதலில் புதிர் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மரப் புதிரை ஒரு தொழிலாளி துண்டு துண்டாக அறுத்தாக வேண்டும். அட்டைப் புதிருக்கு ஒரே அழுத்து போதும். பிளைவுட் பலகையில் வளைவு வளைவாகத் தடம் வெட்டி, அதில் கூர்மையான எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகுகிறார்கள். இதுதான் டை. படம் ஒட்டிய கெட்டி அட்டையை இதன் மேல் வைத்து அழுத்தினால் நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒரே நொடியில் பிரிகின்றன. வெட்டிய இடுக்கில் அட்டை சிக்கிக்கொள்ளாமல் வெளியே தள்ள, பட்டைகளுக்கு நடுவே ரப்பரோ ஸ்பாஞ்சோ ஒட்டியிருப்பார்கள். திருப்பூர் பனியன் பெட்டியும் கோவை இனிப்புக் கடைப் பெட்டியும் இதே டை பஞ்சிங் முறையில்தான் வெட்டப்படுகின்றன. நமக்குப் பழகிய தொழில்தான் இது.

ரம்பம் தன் பல்லின் கனத்துக்கு மரத்தைத் தூளாக்கிவிடும். அதனால் துண்டுகளுக்கிடையே சிறு இடைவெளி விழும். டை எதையும் தூளாக்குவதில்லை, அட்டையை இருபுறமும் விலக்கிவிடுகிறது. ஒரு துண்டின் குமிழ் அடுத்த துண்டின் குழிக்குள் இறுக்கமாக உட்காருவது இதனால்தான்.

மலிவான இந்த அட்டைப் புதிர் அமெரிக்காவில் பெருகிய காலம் 1932, 1933. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. செய்தித்தாள் கடைகளில் வாரம் ஒரு புதிய புதிர் 25 சென்ட்டுக்கு வந்தது; 1933ன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி புதிர்கள் வரை விற்றன. வேலையிழந்த தச்சர்கள் வீட்டிலேயே மரப் புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். நூலகங்களும் மருந்துக் கடைகளும்கூடப் புதிர்ப் பெட்டிகளை இரவல் கொடுத்தன. என்னைக் கவர்வது இந்த இரவல் வழக்கம்தான். ஒரு முறை சேர்த்து முடித்த புதிர் அந்த வீட்டுக்குப் பழசு. அடுத்த வீட்டுக்குப் புத்தம் புதுசு. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து குடும்பம் ஆளுக்கொரு பெட்டி வாங்கிச் சுற்றில் விட்டால், ஒரு பெட்டியின் விலைக்கு ஐந்து புதிர் கிடைக்கிறது.

பெரிய பெட்டிதான் நல்ல பெட்டி என்ற எண்ணமும் தேவையில்லை. 100 துண்டுகளில் எது எதோடு சேரும் என்று ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தால் 4,950 ஜோடிகள். 1,000 துண்டுகளென்றால் 4,99,500. துண்டு பத்து மடங்கு கூடினால் தேடல் ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. நிறம் பார்த்துப் பிரிப்பது ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. அந்த நூறு துண்டுகளைப் பத்துப் பத்தாகப் பத்துக் குவியலாக்கினால், குவியலுக்குள் பார்க்க வேண்டியவை மொத்தம் 450 ஜோடிகள் மட்டுமே. “கண்ணு, நேர்விளிம்பு இருக்கறத மொதல்ல பொறுக்கு” என்று பாட்டி பேத்தியிடம் சொல்லும்போது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்.

வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் காலாவதியான மாதக் காலண்டரும், உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் படப் புத்தகங்களும் போதும். படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி சுகம் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் குவியலின் படம் பார்க்க அழகு, சேர்ப்பதற்குச் சித்திரவதை. எந்தத் துண்டைப் பார்த்தாலும் ஒரே மஞ்சள். வெள்ளியங்கிரி மலைக்கு மேல் பாதிப் படம் வெறும் வானமாக இருந்தாலும் இதே கதி. பொள்ளாச்சி மாட்டுச் சந்தைப் படம் அருமையான தேர்வு. கொம்பு, கயிறு, தலைப்பாகை, லாரி என்று ஒவ்வொரு துண்டும் தான் எந்த இடம் என்பதைத் தானே சொல்லும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகளும் திசை காட்டும்.

படத்தை ஒட்டப் பார்சல் பெட்டி அட்டை உதவாது, உள்ளே நெளியாக இருப்பதால் நசுங்கிவிடும். எழுதும் பேடின் அடியில் இருக்கும் கெட்டிச் சாம்பல் அட்டை சரியாக இருக்கும். மரமாகவே வேண்டுமென்றால் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட். மைதாப் பசை பூச்சியை வரவழைக்கும், ஃபெவிகால் நல்லது. பசையின் ஈரத்தில் விரியும் காகிதம் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைத்துவிடும். பின்புறமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால் இரு இழுப்பும் சமமாகும். ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் கிடக்கட்டும். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிதுங்கும். கட்டர் கத்தியால் அலை அலையாக வெட்டுங்கள். பிளைவுட்டுக்கு வில் போன்ற சட்டத்தில் மெல்லிய பிளேடு பூட்டிய கை ரம்பம் வேண்டும். பிளேடு எவ்வளவு மெல்லிசோ, துண்டுகள் அவ்வளவு இறுக்கமாகச் சேரும்.

வெட்டுவதற்கு முன்பே பின்புறம் முழுவதும் ஒரே நிறக் கிரேயான் கோடுகளைக் குறுக்கே இழுத்துவிடுங்கள், பெட்டிக்கு ஒரு நிறம். இரண்டு புதிர்கள் கலந்துபோனாலும் கவிழ்த்துப் பார்த்துப் பிரித்துவிடலாம். துண்டுகளை எண்ணி மூடியில் எழுதிவைத்தால் இரவல் போய் வந்த பெட்டியைச் சரிபார்க்கவும் முடியும். ஒரு துண்டு தொலைந்தால் அந்தக் குழியின் அடியிலும் ஓரத்திலும் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஊறவைத்து அரைத்த காகிதக் கூழில் ஃபெவிகால் கலந்து நிரப்புங்கள். இரண்டு நாள் காய்ந்ததும் எடுத்துத் தேய்த்து, பக்கத்துத் துண்டுகளைப் பார்த்து வண்ணம் தீட்டினால் பெட்டி மறுபடி அடுத்த வீட்டுக்குப் போகலாம்.