இருட்டில் உட்கார்ந்த பிஞ்சுகள்

உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறதா? விடியற்காலை நாலு மணிக்கு என்ன செய்வாள்? போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். ராத்திரி பாத்ரூம் போகக்கூட, 'அம்மா, நீயும் வாம்மா... பயமா இருக்கு' என்று எழுப்புகிற வயசு அது.

சாரா கூடருக்கும் எட்டு வயசுதான். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்தவள். அதே நாலு மணிக்கு அவள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனாள். வெளியே வரும்போது சாயங்காலம் ஐந்து, ஐந்தரை. 1842-ல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் அவளுடைய வாக்குமூலம் இருக்கிறது.

என்ன வேலை? ஒரு கதவைத் திறந்து மூடுவது. 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றும். விஷயம் அப்படியில்லை. சுரங்கத்துக்குள் மீத்தேன் வாயு கசியும். அது தேங்காமல் இருக்க, காற்றைச் சரியான வழியில் திருப்பிவிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கதவுகள். கரி வண்டி வந்தால் திறந்துவிட்டு, போனதும் உடனே மூட வேண்டும். குழந்தை கண்ணயர்ந்து, கதவு திறந்தே கிடந்தால்..? வாயு சேர்ந்து வெடித்துவிடும். உள்ளே இருக்கிற அத்தனை பேர் உயிரும் ஒரு பிஞ்சுக் கையில்!

விளக்குகூடக் கிடையாது. எப்போதாவது வெளிச்சம் இருந்தால் பாடுவாளாம். இருட்டில் பாடத் தைரியம் வராது என்று சொல்லியிருக்கிறாள் சாரா.

இடுப்பில் சங்கிலி

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கரி வண்டி இழுக்கும் வேலை. இடுப்பில் தோல் பெல்ட். அதில் மாட்டிய சங்கிலி, கால்களுக்கு நடுவே போய் வண்டியோடு சேரும். இரண்டடி உயரமே உள்ள பாதைகளில் நாலு காலில் தவழ்ந்தபடி இழுக்க வேண்டும்.

வளரும் உடம்பு இதைத் தாங்குமா? குழந்தைகளின் எலும்பு இளசானது. தினமும் குனிந்தபடி பாரம் இழுத்தால் முதுகு வளையும், வளர்ச்சி குன்றும். குளிர்காலத்தில் சூரியன் உதிக்கும் முன்னே உள்ளே போய், மறைந்த பிறகு வெளியே வந்தார்கள். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி உருவாகாது. எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அதுவே வழி. இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்ணுக்குப் பின்னாளில் பிரசவமே உயிருக்கு ஆபத்து. கரித்தூசியோ நுரையீரலில் படிந்தால் படிந்ததுதான்.

மூடிய கதவு

1838 ஜூலை 4. யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டோன் ஊரின் ஹஸ்கர் சுரங்கம். மேலே இடியும் மழையும். ஆட்களை மேலே தூக்கிவிடும் நீராவி எந்திரம் நின்றுபோனது. பயந்துபோன பிள்ளைகள், சரிவாக மேலே போகும் இன்னொரு பாதை வழியாக வெளியேறப் பார்த்தார்கள். ஒரு கதவைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது, கரை புரண்ட ஓடை உள்ளே பாய்ந்தது. தண்ணீர் அடித்த வேகத்தில் பின்னால் இருந்த கதவைத் திறக்க முடியவில்லை. 15 சிறுவர்கள், 11 சிறுமிகள். மொத்தம் 26 பேர் போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட கொடுமைகளை விசாரிக்க, ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் 1840-ல் ஒரு கமிஷன் அமைந்தது. அதில் ஒருவர் சவுத்வுட் ஸ்மித் என்ற டாக்டர். 'பக்கம் பக்கமா எழுதினா எம்.பி.க்கள் எங்கே படிக்கப் போறாங்க? படம் போடுங்க' என்பது அவர் யோசனை என்று சொல்வார்கள். சங்கிலியோடு தவழும் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து நாடே அதிர்ந்தது. தினமும் அடுப்பில் எரிகிற கரி எப்படி வருகிறது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

1842-லேயே சட்டம் வந்தது. பெண்கள், சிறுமிகள், பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் யாரும் சுரங்கத்தில் இறங்கக்கூடாது. ஆஷ்லி கேட்டது பதிமூன்று வயது. கடைசியில் அது பத்தாகக் குறைந்துவிட்டது. நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்டது ஒரே ஒரு இன்ஸ்பெக்டர்! 'பிள்ளை கொண்டுவந்த கூலியும் போச்சே' என்று கலங்கிய ஏழைக் குடும்பங்களும் உண்டு. வயது வரம்பு பன்னிரண்டு, பதிமூன்று என்று மெல்ல ஏறி, பதினாலைத் தொட 1911 ஆயிற்று.

நம் அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவும், பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களைச் சுரங்க வேலையில் சேர்க்கக் கூடாது என்கிறது.

சாயங்காலம் உங்கள் குழந்தை வெயிலில் ஆடிவிட்டு, சட்டையெல்லாம் புழுதியாக வந்து நிற்கும். திட்ட வாயெடுக்கும் முன் ஒரு நிமிஷம் சாராவை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கிடைக்காத வெயில் அது.