பம்பு யார் பொறுப்பு?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் குறுகலான சந்துகள் ஓடும். இன்று சுவரோவியம் தேடிச் சுற்றுலாப் பயணிகள் நுழையும் அந்தச் சந்துகளில் ஒரு காலத்தில் மலவாளி தூக்க வந்தவர்கள் நடந்தார்கள். முன்வாசலில் வியாபாரம், பின்வாசலில் நகராட்சி. யாரைக் கேட்பது என்ற குழப்பமே அப்போது இல்லை.

இப்போது அந்தக் குழப்பம் அடுக்குமாடிகளில் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் ஓரம், வேலிக்குள், சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். உறுமல் நின்றால் நாற்றம் கிளம்பும். உடனே குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார்: "மதிப்பீட்டு வரி கட்டுகிறோமே, மாநகர் மன்றமே இதை எடுத்துக்கொள்ளக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் மன்றத்தின் கையில் அந்தச் சாவி இல்லை. 1993ஆம் ஆண்டின் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் அதை வாங்கிக்கொண்டது. இண்டா வாட்டர் என்ற தனியார் நிறுவனத்துக்கு 28 ஆண்டு உரிமம் தரப்பட்டது. கிளந்தான், சபா, சரவாக், ஜொகூர் பாரு போன்ற சில இடங்கள் மட்டும் விலகி நின்றன. அதுவரை வரியோடு கரைந்திருந்த செலவு தனி பில்லாக வீட்டுக்கு வந்ததும் மக்கள் கொதித்தார்கள். பலர் கட்டவே மறுத்தார்கள். தண்ணீரைத் துண்டிக்கலாம், மலக்குழாயை எப்படித் துண்டிப்பது? 2000இல் நிதியமைச்சு அந்த நிறுவனத்தையே தன்வசம் எடுத்தது. 2008 முதல் அமலில் உள்ள நீர்ச் சேவைத் தொழில் சட்டம் மேற்பார்வையைத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானிடம் ஒப்படைத்திருக்கிறது. பொதுக் கட்டமைப்பில் சேராத நிலையத்துக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு.

மன்றத்திடமே திருப்பிக் கொடுங்கள் என்போர் மனதில் பழைய மன்றம் இருக்கிறது. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயரானவர் டி. எஸ். இராமநாதன். வாக்காளருக்குப் பதில் சொல்லியாக வேண்டிய மன்றம் அது. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது; இன்றைய உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள். மன்ற அலுவலகம் உள்ள கொம்தாரில் போய் மேசையைத் தட்டலாம், வாக்கால் தட்ட முடியாது.

யார் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். மலேசியப் பொறியாளர்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர், ஒரு வீட்டுக்கு ஐந்து ஆள் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். முப்பது வீட்டு நிலையத்துக்கும் காற்றூதும் இயந்திரம், பம்பு, மின்சாரம், கசடு வண்டி எல்லாம் வேண்டும். செலவைப் பகிரத்தான் ஆள் குறைவு. இண்டா வாட்டரின் வீட்டுக் கட்டணமோ பல்லாண்டுகள் மாதம் 8 வெள்ளியிலேயே நின்று, 2023இல்தான் 10 வெள்ளியானது. மேம்பாட்டாளர் அரைகுறையாகக் கட்டிவிட்டுப் போன நிலையத்தை ஏற்பது என்றால் அதன் துருவையும் விரிசலையும் சேர்த்து ஏற்பது. அந்த நிறுவனம் தயங்குவதில் வியப்பில்லை.

பினாங்கில் உருப்படியாக நடந்த வேலை வேறு: சின்ன நிலையங்களை மூடிக் குழாயை ஜெலுத்தோங் கடலோரத்திலுள்ள பெரிய நிலையத்துக்குத் திருப்புவது. முன்பு நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலேயே அங்கிருந்து கடலுக்குப் போனது. இப்போது சுமார் எட்டு லட்சம் பேரின் கழிவைத் தாங்கும்படி கட்டப்பட்ட நிலையம் நிற்கிறது. பன்னிரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றும் நிரம்பும், காற்றூதும், கசடைப் படியவிடும், மேல்நீரை வடிக்கும், மறுபடி நிரம்பும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் கை உயர்த்துபவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். நமது நிலையம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டதா? அதன் வரைபடம் நிர்வாகக் குழுவிடம் இருக்கிறதா? ஜெலுத்தோங் குழாய் நம் வாசலிலிருந்து எத்தனை மீட்டர், இடையில் யாருடைய நிலம்? அதற்குள் பம்பு பழுதானால், சேமநிதியில் எவ்வளவு வெள்ளி?