புத்தகத்துக்கென்று ஓர் அலமாரி

மூன்றடி நீளத் தட்டில் புத்தகங்களை நெருக்கமாக நிறுத்தினால் 20 முதல் 30 கிலோ வரை எடை வரும். ஒரு சிப்பம் அரிசியைத் தட்டின் மேல் ஏற்றிவைத்து, வருடக்கணக்கில் இறக்காமலே விட்டதற்குச் சமம் அது. சேலம், நாமக்கல் பக்கம் புதுவீடு கட்டும்போது துணிக்கும் பாத்திரத்துக்கும் போடுகிற அளவிலேயே புத்தகத்துக்கும் தட்டு போட்டுவிடுகிறார்கள். சில வருடங்களில் தட்டு நடுவில் தொய்ந்து, புத்தகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, முதுகு பிரிந்து கிடக்கின்றன.

இந்தத் தொய்வுக்குக் கணக்கு உண்டு. தட்டு முழுக்கச் சீராகப் பாரம் இருந்தால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும். கனத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். மூன்றடித் தட்டை இரண்டடியாகச் சுருக்கிப் பாருங்கள், தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நீளத்தைக் குறைக்க வழியில்லை என்றால் 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 25 மில்லிமீட்டர் போடலாம். தொய்வு பாதிக்கும் கீழே போகும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் நாள்பட்ட பாரத்தில் பிளைவுட்டைவிட அதிகம் வளைந்து கொடுக்கும். புத்தகத்துக்கு அது வேண்டாம். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லில் நல்ல வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து, பலகையை மட்டும் மேலே பொருத்திக்கொண்டால் தலைமுறைக்கும் நிற்கும். குழந்தைகள் தட்டைப் பிடித்து ஏறுவார்கள். ஆகவே கனத்த புத்தகங்கள் அடித்தட்டில் இருக்கட்டும். சட்டத்தின் தலைப்பகுதியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஆழம் அதிகமானால் அதுவும் கெடுதல். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அல்லது கிரவுன் அளவு. உயரம் எட்டரை அங்குலத்துக்குள், அகலம் ஐந்தரை அங்குலத்தை ஒட்டி. ஒன்பது, பத்து அங்குல ஆழம் தாராளம். ஒன்றேகால் அடி ஆழம் வைத்தால் இரண்டு வரிசை அடுக்கத் தோன்றும். பின்வரிசைப் புத்தகத்தை வீட்டுக்காரரே மறந்துபோவார்.

இனி இடம். நம் பக்கம் மேற்குச் சுவர் சித்திரை வெயிலில் மாலை முழுக்கக் காய்ந்து, இரவிலும் வெப்பத்தைக் கக்கும். சன்னல் வெயில் நேரே விழுந்தால் அட்டையின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். மலிவுத் தாளில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். அதனால் வெயில் படாத உட்சுவர்தான் ஏற்றது. அட்டாலியில் ஏற்றிவைப்பது அதைவிட மோசம். ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில்தான் வீட்டின் சூடெல்லாம் தேங்குகிறது.

வறண்ட மாதங்களில் பூச்சித்தொல்லை குறைவு. புரட்டாசி, ஐப்பசி மழையில் சுவர் ஈரம் இழுத்ததும் இராமபாணம் கிளம்பும். வெள்ளி நிறத்தில், இறக்கையில்லாமல், இருட்டில் ஓடும் இந்தப் பூச்சி வேண்டுவது மாவுச்சத்து: கட்டுமானப் பசை, தாளின் மேற்பூச்சு. அது தாளை மேலாகச் சுரண்டித் தின்னும். வட்ட வட்டமாகத் துளை போட்டிருந்தால் அது வண்டின் புழு செய்த வேலை. இராமபாணம் பெருக ஈரம் வேண்டும், அதனால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டங்குலம் காற்றோட்டம் விடுவது எந்த மருந்தையும்விட நல்லது. கரையானின் மண்கோடும் அந்த இடைவெளியில் கண்ணுக்குப் பட்டுவிடும். ஏட்டுச்சுவடிகளுக்கு வசம்பும் வேப்பிலையும் வைத்தார்கள். வேப்பிலையை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே வையுங்கள், பச்சையாக வைத்தால் ஈரத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். அந்துருண்டையின் ஆவி திறந்த அலமாரியில் நிற்பதில்லை, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகவும் ஆகாது.

எப்படி அடுக்குவது? இதில் நமக்கு வழிகாட்ட உலகமே ஏற்றுக்கொண்ட தமிழர் ஒருவர் இருக்கிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது. லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருள், துண்டுகளை வெவ்வேறு விதமாக இணைத்துப் புதுப்புது உருவங்கள் செய்வதைக் காட்டியது. அதிலிருந்து அவர் உருவாக்கியதே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. அந்த முறை நூல்களுக்குத் தரும் எண்கள் வீட்டுக்குத் தேவையில்லை. பொருள்வாரியாகப் பிரித்து, அதற்குள் ஆசிரியர் பெயரால் வரிசைப்படுத்தினால் போதும். அடிக்கடி எடுப்பவை கண்மட்டத்திலும் குழந்தைகளுடையவை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். அட்டை நிறத்தை வைத்து வானவில்போல அடுக்குவது இப்போது பிரபலம். படமெடுக்க அழகுதான், ஆனால் ஒரே ஆசிரியரின் நான்கு நூல்கள் நான்கு மூலையில் கிடக்கும். அழகு வேண்டுமானால் முதுகுகளைத் தட்டின் விளிம்போடு நேராக நிறுத்துங்கள். பெரிய படப் புத்தகங்களைப் படுக்கையாக வையுங்கள். அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

ஒரு தட்டை ஊருக்கென்று ஒதுக்கச் சொல்வேன். 1883-இல் லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் தன்வரலாறான ‘என் கதை’, திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகனின் நாவல்கள், அவர் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி. இவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் ஒன்றைத் தேடும் கை இன்னொன்றையும் எடுக்கும்.

நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாம் விதி. ஒவ்வொரு தட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். இறுக்கி அடைத்தால் உருவும்போது முதுகின் தலைப்பு கிழியும். மழைக்காலம் தொடங்கும் வேளையில்தான் சரஸ்வதி பூசை வருகிறது. அன்று நாலைந்து புத்தகங்களுக்கு மட்டும் பொட்டு வைப்பதோடு நிறுத்தாமல், அலமாரி முழுவதையும் இறக்கி, ஒவ்வொன்றையும் விரித்துத் தூசு தட்டி, பிறகு அடுக்குங்கள்.