'உண்டாங்' தேர்வுக்குப் பின்னால் ஓர் இயற்பியல் பாடம்

மாணவர்களே, மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கும் 17 வயதில் கார் லைசென்சுக்கும் விண்ணப்பிக்கலாம். உங்களில் பலருக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. அதற்கு முதல் படி, எல்லாரும் 'உண்டாங்' என்றே அழைக்கும் சாலை விதிமுறைத் தேர்வு. கணினியில் 50 கேள்விகள் வரும். குறைந்தது 42 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி.

கேள்விப் புத்தகத்தை மனப்பாடம் செய்தே பலர் தேறிவிடுகிறார்கள். ஆனால், அதில் உள்ள விதிகள் பலவற்றுக்குக் காரணம் உங்கள் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. காரணம் தெரிந்துகொண்டால் விடையும் எளிதில் மறக்காது.

ஏன் 30?

பள்ளிக்கூடங்களுக்கு அருகே '30' என்ற வேகவரம்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 50 கிலோமீட்டரில் போனால் என்ன கெட்டுவிடும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டி நிற்பதற்குள் இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதலில், கண் ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கு ஏறக்குறைய 1 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி வேகம் குறையாமலே ஓடுகிறது. பிறகுதான் பிரேக் வேலை செய்கிறது. காய்ந்த சாலையில் நல்ல பிரேக், விநாடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைப்பதாகக் கொள்வோம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 8.3 மீட்டர். மூளையும் காலும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் 8.3 மீட்டர், பிரேக் பிடித்தபின் 5 மீட்டர். மொத்தம் சுமார் 13 மீட்டர்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். முதல் கட்டத்துக்கே 13.9 மீட்டர் போய்விடும். பிரேக்குக்கு இன்னும் 13.8 மீட்டர். மொத்தம் சுமார் 28 மீட்டர்.

இப்போது 14 மீட்டர் தூரத்தில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறான். 30-இல் வந்த கார் அவனுக்கு முன்னால் நின்றுவிடும். 50-இல் வந்த காரோ, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போதே அவன்மேல் மோதியிருக்கும். அதுவும் வேகம் குறையாமலே.

காரணம் 'வர்க்கம்'

பிரேக்குக்கான தூரம் மட்டும் 5 மீட்டரிலிருந்து 13.8 மீட்டராக எகிறியதைக் கவனித்தீர்களா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றினால்தான் வண்டி நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக்குக்கான தூரமும் நான்கு மடங்காகிறது. 60-இல் 20 மீட்டர் தேவைப்பட்டால், 120-இல் 80 மீட்டர் தேவை.

இரண்டு விநாடி விதி

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 2 விநாடி இடைவெளி வேண்டும் என்கிறது விதி. ஏன் மீட்டரில் சொல்லாமல் விநாடியில் சொல்கிறார்கள்? மணிக்கு 50 கிலோமீட்டரில் 2 விநாடி என்பது 28 மீட்டர்; நெடுஞ்சாலையில் 110-இல் அது 61 மீட்டர். வேகம் கூடினால் இடைவெளியும் தானாகவே கூடிவிடுகிறது. ஓடும் வண்டியிலிருந்து மீட்டரை அளக்க முடியாது. விநாடியை எண்ண முடியும்.

முன்வண்டியும் உடனே நின்றுவிடாது, சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். ஆகவே இந்த இடைவெளி முக்கியமாக உங்கள் மூளையும் காலும் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குத்தான். 1 விநாடி அதற்கு; மற்ற 1 விநாடி கையிருப்பு.

மழையில் இதை 4 விநாடியாக்க வேண்டும். நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு குறைகிறது. டயரில் உள்ள பள்ளங்கள்தாம் தண்ணீரை வெளியேற்றுகின்றன. முன்வண்டியின் டயர் புதியதாகவும் உங்களுடையது தேய்ந்ததாகவும் இருந்தால், அது நிற்கும் இடத்தில் உங்களால் நிற்க முடியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். 16 வயதில் லைசென்ஸ் எடுக்கப்போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எப்படிப் படிப்பது?

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் சிறப்பாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

ஆகவே, கேள்விப் புத்தகத்தில் சில பக்கங்களைப் படித்ததும் மூடிவிடுங்கள். விதியை நினைவிலிருந்து சொல்லுங்கள், கூடவே, 'ஏன்?' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் முயலுங்கள்.

லைசென்ஸ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை காரில் முன்னிருக்கையில் உட்காரும்போது, முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும், 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன்பே உங்கள் கார் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால், ஓட்டுபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.