மாட்டுப் புண்ணுக்குத் தேன்: எப்போது போடலாம், எப்போது கூடாது?

முள்கம்பி கிழித்த தொடை, நுகத்தடி உரசி உரிந்த கழுத்து, கயிறு அறுத்த கால். மழைக்காலத்தில் இப்படி ஒரு சின்னப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். மாடு தீவனம் எடுக்காது, பால் குறையும். உங்கள் வீட்டில் நல்ல தேன் இருந்தால் இந்த நிலை வராமல் தடுக்கலாம். ஆனால், புண்ணின் மேல் இரண்டு சொட்டு விட்டுப் போனால் ஈயும் எறும்பும்தான் வரும்.

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை. இது புண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக முடிவதில்லை. தேனின் புளிப்புத் தன்மையும் அவற்றுக்கு ஒத்துவராது. தேனீ தேனில் சேர்க்கும் ஒரு நொதி, புண்ணின் நீர் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக் கிருமியைக் கொல்லும். தேனைக் காய்ச்சினால் இந்த நொதி கெட்டுவிடும். சர்க்கரைப் பாகு கலந்த தேனிலும் பலன் எதிர்பார்க்க முடியாது. தேனீ வளர்ப்பவரிடம் நேரில் வாங்கிய, காய்ச்சாத தேனே ஏற்றது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் குதிரைகளின் கால் காயங்களில் நியூசிலாந்தின் மனுக்கா தேனைப் போட்டுப் பார்த்தபோது, காயம் விரைவாக ஆறியது.

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு போட்டு ஆறவிடுங்கள். அதை ஊற்றி மண், சாணம் போகும்வரை கழுவுங்கள். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிடுங்கள். தேனைப் புண்ணில் தடவுவதைவிட, சுத்தமான பருத்தித் துணியில் ஊறவைத்துப் புண்ணில் பதிய வைப்பது நல்லது. உள்ளங்கை அளவு புண்ணுக்கு நான்கு தேக்கரண்டி, அதாவது 20 மில்லி போதும். மேலே உலர்ந்த துணியால் கட்டி, கட்டைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசுங்கள். மாடு நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள்கள் நீர் அதிகம் கசியும். பயப்பட வேண்டாம், தினமும் கட்டை மாற்றினால் போதும். கசிவு குறைந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றலாம். கழுத்துப் புண் ஆறும்வரை காளையை ஏரில் பூட்டாதீர்கள். நுகத்தடி மறுபடி உரசினால் எந்த மருந்தும் நிற்காது.

புழு வைத்த புண்ணில் தேன் போட்டுக் கட்டக் கூடாது. புழு முழுவதும் வெளியே வந்த பிறகே தேன். ஆணி, கொம்பு குத்திய ஆழமான காயத்தையும் மூடிக் கட்டாதீர்கள். காற்றுப் புகாத குழியில் ரணஜன்னிக் கிருமி வளரும். ஆடுகளுக்கு இந்த ஆபத்து மாட்டைவிட அதிகம். குளம்பிடுக்கில் புண்ணும் வாயில் கொப்புளமும் சேர்ந்து தெரிந்தால் கோமாரியாக இருக்கலாம். முதலில் மருத்துவரை அழையுங்கள்.

புரோபோலிஸ் என்ற தேனீப் பிசினைப் பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். மரப்பிசினைக் கொண்டுவந்து தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பழுப்பு நிறப் பொருள் அது. கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால், நம்மூர் அடுக்குத் தேனீ இதைச் சேகரிப்பதில்லை. இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ கூடுகளில்தான் கிடைக்கும். தண்ணீரில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். அந்தக் கரைசலைப் பச்சைப் புண்ணில் விட்டால் மாடு எரிச்சலில் துள்ளும். பெட்டியிலிருந்து சுரண்டி அப்படியே பூசவும் வேண்டாம். தயாராக விற்கும் களிம்பு கிடைத்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தேன் கட்டு ஐந்து நாள் போட்டும் துர்நாற்றம் குறையவில்லை, வீக்கம் ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால், அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள்.