விமானம் எந்தப் பக்கம் இறங்கும்? வீட்டுக் கம்ப்யூட்டரே சொல்லும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? சீட்டு விளையாடுவார்கள். படம் பார்ப்பார்கள். ரயில் டிக்கெட் பதிவு செய்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு, "வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் கேட்டார். ஆனால் அவர் கேட்டது கொஞ்சம் வித்தியாசமான வேலை.

பெரியப்பாவுக்கு ஊர் மன்னார்குடி பக்கம். அவருடைய மகன், எனக்கு அண்ணன், பல வருடங்களாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு முறை அண்ணன் வரும்போதும் பெரியப்பா சென்னை விமான நிலையத்துக்கு வந்துவிடுவார். கம்பித் தடுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் நிற்பார். கண்ணாடிக் கதவு திறக்கும், அண்ணன் தள்ளுவண்டியுடன் வருவார். அவ்வளவுதான். "இத்தனை வருஷத்துல அவன் வர்ற ஏரோப்ளேன் தரையில எறங்கி நான் பார்த்ததில்லப்பா. இந்தத் தடவை காட்டுறியா? முடிஞ்சா ஒரு போட்டோ" என்றார். சென்ற ஜூலையில் அண்ணன் வருவதாக இருந்தது. மூன்று வருடம் கழித்து வருகிறார். ஒரே விமானம், ஒரே வாய்ப்பு.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிறு காலை நான் மட்டும் போனேன். பம்மல் பக்கம் விமானங்கள் தலையை உரசிப் போகும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். மேற்குப் பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டிய சாலையில் இரண்டு மணி நேரம் நின்றேன். வந்த விமானம் எல்லாம் என் தலைக்கு மேல் ஏறித்தான் போனது. சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, எங்கோ உயரத்தில். ஒன்று கூட இறங்கவில்லை. கடைசியில் சீருடை அணிந்த ஒருவர் வந்து, போனை வாங்கிப் பார்த்து, எடுத்த படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார். அழித்தேன். தப்பு என் மேல்தான். சுவருக்கு மேல் கையைத் தூக்கி ரன்வேயையும் சேர்த்து எடுத்திருந்தேன். இதே இடத்தில் பெரியப்பா பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

ரன்வேயில் எழுதியிருக்கும் எண்

முதலில் ஒரு சின்னப் பாடம். சென்னையின் பெரிய ரன்வேக்கு 07/25 என்று பெயர். நீளம் மூன்றரை கிலோ மீட்டருக்கு மேல். இந்த எண்கள் வரிசை எண்கள் அல்ல. திசைகாட்டியின் டிகிரியில் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதியவை. 07 என்றால் 70 டிகிரி, அதாவது ஏறக்குறைய கிழக்கு நோக்கி. அதே ரன்வேயை மறு முனையிலிருந்து பார்த்தால் 250 டிகிரி, அதனால் 25. (12/30 என்று இன்னொரு ரன்வேயும் இருக்கிறது. அது நீளம் குறைந்தது. அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியிருக்கிறார்கள்.)

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் ஏறும். மேற்குக் காற்று அடித்தால் 25. அப்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து அடையாறு, கிண்டி, ஆலந்தூர் வழியாக வந்து இறங்கும். பம்மல் பக்கம் ஏறிப் போகும். கிழக்குக் காற்று என்றால் 07. எல்லாம் தலைகீழ். பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து வந்து இறங்கும்.

ஜூலையில் காலை வேளையில் சென்னையில் அடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று. நான் நின்றது விமானங்கள் ஏறிப் போகிற பக்கம். இறங்கவில்லை என்று ஆச்சரியப்பட்டதுதான் ஆச்சரியம்!

ஆனால் சென்னைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும். அது கிழக்கு, தென்கிழக்கிலிருந்து அடிக்கும். அது பலமாக உள்ளே வந்துவிட்டால் ரன்வேயின் திசையும் மாறிவிடும். காலையில் சரியாக இருந்த இடம் சாயங்காலம் தப்பான இடம் ஆகிவிடும். எனவே "சென்னையில் விமானம் பார்க்கச் சிறந்த இடம் எது?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. எந்த மாதம், எத்தனை மணி என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மெட்டார் என்னும் ஒரு வரி

காற்றின் திசையை எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் பிரவுசரைத் திறந்து ஏவியேஷன்வெதர் டாட் கவ் என்ற தளத்துக்குச் செல்லுங்கள். இது அமெரிக்க அரசின் இலவசத் தளம். எல்லா நாட்டு விமான நிலையங்களும் இதில் உண்டு. மெட்டார் என்ற பகுதியில் சென்னையின் குறியீடான விஓஎம்எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். இப்படி ஒரு வரி வரும்:

விஓஎம்எம் 190800இசட் 12009கேடி...

பார்த்தவுடன் பிரவுசரை மூடிவிடாதீர்கள். நமக்குத் தேவை முதல் மூன்று துண்டுகள்தான். 19 என்பது தேதி. 0800 என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம், பகல் 1.30. அடுத்த துண்டில் 120 என்பது காற்று வரும் திசை, 09 என்பது வேகம், கேடி என்றால் நாட். 120 என்பது 70க்குப் பக்கமா, 250க்குப் பக்கமா? 70க்குப் பக்கம். எனவே 07. இதுதான் மொத்தக் கணக்கு. அரை மணிக்கு ஒரு முறை புதிய வரி வரும். அடுத்த நாளைக்குத் திட்டமிட வேண்டும் என்றால் அதே தளத்தில் டாஃப் என்ற முன்னறிவிப்பையும் பார்க்கலாம். எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இடத்தைத் தேர்வு செய்தல்

அடுத்தது கூகுள் எர்த். பிரவுசரிலேயே திறக்கும், இலவசம். சென்னை விமான நிலையத்தைத் தேடி, அளவெடுக்கும் கருவியைக் கிளிக் செய்து, ரன்வேயின் ஒரு முனையில் தொடங்கி மறு முனையைத் தாண்டி நேராக ஒரு கோடு இழுங்கள். இறங்கும் விமானங்கள் கடைசிச் சில கிலோ மீட்டர் இந்தக் கோட்டின் மேல்தான் வரும். கோட்டை ஒட்டி நீங்கள் நிற்கக்கூடிய பொது இடம், தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தையும் கணக்கிடலாம். இறங்கும் பாதை மூன்று டிகிரி சரிவு. அதாவது சக்கரம் தரை தொடும் இடத்திலிருந்து ஒரு கிலோ மீட்டர் தள்ளி நின்றால் விமானம் சுமார் 170 அடி உயரத்தில் இருக்கும். மூன்று கிலோ மீட்டர் என்றால் 500 அடிக்கு மேல். மூன்று கிலோ மீட்டருக்குள் இருந்தால் சாதாரணப் போனிலேயே விமானம் விமானமாகத் தெரியும்.

கிழக்குப் பக்கம் எல்லோரும் சொல்வது பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம். மேலிருந்து விமான நிலையம் விரிந்து தெரியும். மேற்கே கோட்டுக்கு அருகில் திருநீர்மலை வருகிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். விமான நிலையத்தையும் ராணுவ இடங்களையும் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது; பரங்கிமலையைச் சுற்றி ராணுவத்தின் இடங்கள் இருக்கின்றன. மலையிலிருந்து கண்ணால் பாருங்கள். கேமராவை வெளியே எடுக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் உள்ளே வைத்துவிடுங்கள். டிரோன் என்ற பேச்சே வேண்டாம். சுவரை ஒட்டி நிற்பதைவிட, தூரத்தில் ஒரு மொட்டை மாடியில் நின்று ஆகாயத்தில் வரும் பயணிகள் விமானத்தை மட்டும் எடுப்பதுதான் நிம்மதி. என் அனுபவம்!

சூரியன் எங்கே?

இதைப் பலரும் கவனிப்பதில்லை. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால்தான் விமானத்தின் நிறமும் எழுத்தும் தெரியும். எதிரே இருந்தால் கறுப்பு உருவம்தான். சன்கால்க் என்ற இலவசத் தளத்தில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் அன்றைக்கு எத்தனை மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் இருக்கும் என்று வரைபடத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டும்.

இதில் பார்த்துத்தான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். டிசம்பரில் சென்னையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கம். அப்போது கோட்டுக்குத் தெற்கே நிற்க வேண்டும். ஜூலையில் நாள் முழுக்க வடக்குப் பக்கம்! எனவே வடக்கே நிற்க வேண்டும். அதுவும் ஜூலை காலையில் சூரியன் ஏறக்குறைய ரன்வேயின் நேர்கோட்டிலேயே நிற்கிறது. கிழக்கிலிருந்து வரும் விமானத்தின் மூக்கு இருட்டாக இருக்கும். நம்மைத் தாண்டிய பிறகு வால் பக்கம் பளிச்சென்று விழும். இத்தனை வருடம் சென்னையில் இருந்தும், வெயிலைத் திட்டியதைத் தவிர சூரியனை நான் கவனித்ததில்லை.

அண்ணன் வந்த நாள்

விமானம் மாலை 4 மணிக்கு மேல். காலை 10 மணி மெட்டாரில் காற்று 260. அதாவது 25. பரங்கிமலைதான் என்று பெரியப்பாவிடம் சொல்லி வைத்தேன். அவரும் வேட்டியை மாற்றிக்கொண்டு 11 மணிக்கே தயார். பகல் 1.30க்குப் பார்த்தால் காற்று 120. மேலே கொடுத்திருக்கும் வரி அன்று வந்ததுதான். கடற்காற்று வந்துவிட்டது. உடனே அனகாபுத்தூரில் இருக்கும் நண்பனுக்குப் போன் செய்து அவன் வீட்டு மாடியைக் கேட்டேன். கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே. ரன்வேயிலிருந்து சுமார் மூன்று கிலோ மீட்டர்.

இதற்கிடையில் பிளைட்ரேடார்24 டாட் காம் தளத்தைத் திறந்து அண்ணனுடைய விமானத்தின் எண்ணைக் கொடுத்தேன். 2006ல் ஸ்வீடன் நாட்டில் இரண்டு பேர் பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. விமானங்கள் தங்கள் இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டே வருகின்றன. ஆர்வலர்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சின்ன ரிசீவர்கள் அதைப் பிடித்து இணையத்தில் சேர்க்கின்றன. வரைபடத்தில் மஞ்சள் நிற விமானத்தைக் கிளிக் செய்தால் எல்லா விவரமும் வரும்.

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன் உட்கார்ந்துவிட்டார். அரபிக் கடலின் நடுவில் அந்த மஞ்சள் விமானம் திடீரென்று காணாமல் போனது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எங்கடா போச்சு?" என்றார். பயப்பட ஒன்றுமில்லை. தரையில் உள்ள ரிசீவர் சுமார் 400 கிலோ மீட்டர் வரைதான் பிடிக்கும்; நடுக்கடலில் ரிசீவருக்கு எங்கே போவது? விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபது நிமிடம் போல. பிறகு மேற்குக் கரைக்கு அருகே மறுபடி தெரிந்தது. "வந்துட்டான்" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மணி மூன்று.

ஆட்டோவில் அனகாபுத்தூர் போய் மாடி ஏறினோம். காற்று 25க்கு இருந்திருந்தால் விமானம் கடல் வரை போய்த் திரும்பி வர வேண்டும். 07 என்பதால் மேற்கிலிருந்து நேரே வந்தது. போனில் உயரம் 3,000, 2,000 என்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு இறக்கை, பிறகு சக்கரம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வையுங்கள். ஏடிஆர் போன்ற காற்றாடி விமானத்துக்கு 250ல் ஒரு பங்கு போதும். வேகம் கூட்டினால் காற்றாடி சுற்றாமல் நிற்பது போல விழும். போனில் எடுப்பவர்கள் விரலால் ஜூம் செய்யாதீர்கள். அப்படியே எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம்.

நான் கேமராவில் தொடர்ச்சியாகப் பதினான்கு படங்கள் எடுத்தேன். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்து ஜன்னல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பெரியப்பா தன் போனில் ஒரே ஒரு படம் எடுத்தார். அதுவும் விமானம் எங்களைத் தாண்டிய பிறகு. ஒரு மூலையில் அவருடைய கட்டை விரல், இன்னொரு மூலையில் விமானத்தின் வால்.

அதைத்தான் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும் என்றார். போனைக் கேபிள் மூலம் இணைத்து, படத்தை டெஸ்க்டாப்பில் காப்பி செய்து, அதன் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, செட் அஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட் என்பதைத் தேர்வு செய்து கொடுத்தேன்.

இரவு சாப்பிட்ட பிறகு அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல நான் எங்கப்பா இருக்கேன்? நான் உக்காந்தது வலது பக்கம், நீங்க நின்னது இடது பக்கம்."

பெரியப்பா திரையில் வால் இருந்த மூலையில் விரலை வைத்து, "இந்தா, இதுக்கு முன்னாடிதான்" என்றார்.