செல்லாரில் ஒரு பிளக் பாயிண்ட்

ஹைதராபாத்தில் எந்த ஷோரூமில் மின்சார காருக்கு விலைச் சீட்டு கேட்டாலும், ‘லைஃப் டாக்ஸ்’ என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் போட்டுத் தருகிறார்கள். 2024 நவம்பரில் தெலங்கானா அரசு அறிவித்த புதிய கொள்கையின்படி, மாநிலத்தில் வாங்கிப் பதிவு செய்யப்படும் மின்சார வாகனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை சாலை வரியும் கிடையாது, பதிவுக் கட்டணமும் கிடையாது. 2020-ல் வந்த முந்தைய கொள்கையில் இந்தச் சலுகை முதல் 5,000 தனியார் கார்களுக்கு மட்டும்தான் என்று வரம்பு இருந்தது. இப்போது அந்த வரம்பு இல்லை. 2022 மே மாதத்தில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான பெட்ரோல், டீசல் கார்களுக்கு வாழ்நாள் வரி 17 சதவீதமாக இருந்தது. 15 லட்ச ரூபாய் கார் என்றால் 2,55,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஒரு வருடப் பள்ளிக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை.

முன்பணம் கட்டியவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சலுகைக்குக் கணக்கு வண்டி பதிவாகும் நாள்தான். புக் செய்த தேதி அதில் உதவாது. கேட்ட நிறமும் மாடலும் வர நான்கு மாதம் ஆகும் என்று டீலர் சொன்னால், அந்த நான்கு மாதத்தையும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரிச் சலுகை நல்லதுதான். ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியாகாது. மின்சார கார் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வீட்டின் அடித்தளத்தில், ஹைதராபாத்காரர்கள் ‘செல்லார்’ என்று சொல்லும் பார்க்கிங்கில்தான் இருக்கிறது. இரவில் வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வருமா? வரும் என்றால் மற்ற எல்லாக் கேள்விகளும் எளிதாகிவிடும். வராது என்றால் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதோ ஒரு மாலின் சார்ஜர் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

மாநிலப் போக்குவரத்துக் கழகம் இதை 2019-லேயே செய்து காட்டியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு 40 மின்சாரப் பேருந்துகள் ‘புஷ்பக்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கின. மியாப்பூர், கன்டோன்மென்ட் ஆகிய இரண்டு டிப்போக்களில் சார்ஜர்கள் பொருத்தப்பட்டிருந்தன. வண்டி எங்கே ஓடுகிறது என்பதோடு, எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துத் தீர்மானித்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். ஒரு குடும்பமும் அதே வரிசையில் யோசிப்பது நல்லது.

தனி வீடு என்றால் வேலை சுலபம். கொண்டாப்பூரிலோ மியாப்பூரிலோ நூறு இருநூறு வீடுகள் கொண்ட அடுக்ககம் என்றால் சங்கத்திடம் பேச வேண்டும். பல அடுக்ககங்களில் எல்லா வீட்டு மீட்டர்களும் கீழ்த்தளத்தில் ஒரே பலகையில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து தன் பார்க்கிங் வரை தனி கேபிள், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த்திங், முடிவில் ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட். தேவையானது இவ்வளவுதான். வீட்டுக்கு வாங்கியிருக்கும் மின்சுமை போதாவிட்டால் மின் விநியோக நிறுவனத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளலாம். வண்டிக்கென்று தனி மீட்டரும் கேட்கலாம். மின்சார வாகனங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே உரிமையாளர் தன் வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த ஆவணத்தை அச்செடுத்துக்கொண்டு போவது பயன்படும். புதிய கட்டடங்களில் 20 சதவீத வாகன நிறுத்தத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகள் 2019-ல் திருத்தப்பட்டன. பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் தாங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சங்கங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் ஒன்றில் தீப்பிடித்து, புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்குள் ஏறியது. 8 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை நினைவில் வைத்திருப்பவர் தன் குழந்தைகள் தூங்கும் கட்டடத்தின் அடியில் பேட்டரி வண்டி வேண்டாம் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மரியாதையான பதில் தர வேண்டும். கார் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 038, இருசக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 ஆகிய பாதுகாப்புத் தரங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. இப்போது வரும் பல கார்களில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், நிக்கல் கலந்த செல்களைவிட அதிக வெப்பத்தைத் தாங்கக்கூடியவை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, தரமான எலக்ட்ரீஷியனை வைத்து வேலை செய்கிறேன் என்று எழுத்தில் கொடுத்தால் பேச்சு முன்னேறும். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவந்து சார்ஜ் போடுவது மட்டும் கூடவே கூடாது. இரவு முழுக்க 15 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும்படி அந்த வயர்கள் செய்யப்படுவதில்லை.

ஹைதராபாத்துக்கே உரிய இன்னொரு கவலை மழை. 2020 அக்டோபர் வெள்ளத்தில் நகரின் எத்தனையோ செல்லார்களில் தண்ணீர் புகுந்து வண்டிகள் மூழ்கின. கார் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஐ.பி. 67 தரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. பிளக் பாயிண்டைச் சுவரில் தோள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் தேங்கும் செல்லார் என்றால் மேல்தள நிறுத்தம் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி பணம். ஹைதராபாத்தில் பெட்ரோல் விலை சென்னையைவிட அதிகம். 2024 மார்ச்சில் நாடு முழுவதும் 2 ரூபாய் குறைத்த பிறகும் லிட்டர் 107 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கும் காரை மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய 8,200 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார கார், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 167 யூனிட் இழுக்கும். தெலங்கானா வீட்டுக் கட்டணத்தில் 400 யூனிட்டைத் தாண்டியவர்கள் கொடுக்கும் யூனிட் 9.50 ரூபாயில் கணக்கிட்டாலும் 1,600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாதம் 6,600 ரூபாய் மிச்சம். வாங்கும்போது 3 லட்சம் ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் அது நாலு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

பொது சார்ஜரை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு மாறும். வேக சார்ஜரில் வரியோடு யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் மாதச் செலவு 3,300 ஆகிவிடும். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்குக் கூடுதல் விலை திரும்ப, வீட்டில் சார்ஜ் போட்டாலும் ஏழெட்டு வருடம் பிடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மின்சார காருக்கு முன்பு போலவே 5 சதவீதம்தான் என்றாலும் இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மாறியிருக்கிறது. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. வங்கிக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கிடைத்த வருமான வரிக் கழிவும் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்துவிட்டது. இன்னும் உண்டு என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டங்களும் வந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்ஸர் அறிமுகமானபோது காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று விலை சொன்னார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவரை இது இழுக்கும். சார்ஜ் செலவையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாயைத் தாண்டுகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும் என்ற கேள்விக்கு விளம்பரத்தில் ஒரு எண் இருக்கும், சாலையில் வேறு எண் கிடைக்கும். டாடா நெக்ஸானின் 45 கிலோவாட் மணி பேட்டரிக்குச் சோதனைக்கூட எண் 489 கிலோமீட்டர். அதே நிறுவனமே நடைமுறையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறது. உப்பலிலிருந்து ஹைடெக் சிட்டிக்குப் போய்வருபவருக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர்தான். அதற்கு வேண்டிய பத்து யூனிட்டைச் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கே மூன்று நான்கு மணி நேரத்தில் ஏற்றிவிடும். நெரிசல் இந்தக் காருக்கு எதிரியும் அல்ல. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. பெட்ரோல் கார் அதிகம் வீணாக்கும் அதே பஞ்சாகுட்டா சிக்னலில் மின்சார கார் சிக்கனமாக இருக்கிறது.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு பேட்டரியைச் சாப்பிடும். 350 ஓடிய கார் 300-க்கு இறங்கும்.

பேட்டரியின் ஆயுளைப் பற்றிய பயம் முன்பு போல் இல்லை. எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. டாடா, மஹிந்திரா, எம்.ஜி. நிறுவனங்கள் சில மாடல்களுக்கு முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதமும் தருகின்றன. முதல் உரிமையாளருக்கு என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்கு எத்தனை வருடம் மிஞ்சும் என்பதைப் பொறுத்தே விலை கிடைக்கும். மே மாத வெயிலைப் பொறுத்தவரை, திரவக் குளிரூட்டல் உள்ள பேட்டரியாகப் பார்ப்பதும், வெட்டவெளியில் நாள் முழுக்க நிறுத்தாமல் இருப்பதும் போதும். 42 டிகிரியில் வேக சார்ஜர் சற்று மெதுவாக ஏற்றினால் அது பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

புக்கிங் என்ற விஷயத்தில் நிதானம் வேண்டும். 2016-ல் டெஸ்லா மாடல் 3 காருக்கு 1,000 டாலர் கட்டிப் பதிவு செய்த இந்தியர்கள் ஒன்பது வருடம் காத்திருந்தார்கள். நிறுவனம் 2025-ல் மும்பையில் கடை திறந்தபோது விற்பனைக்கு வைத்தது மாடல் ஒய். பழைய பதிவுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. மறுபக்கம், 2025 பிப்ரவரி 14 அன்று மஹிந்திராவின் இரண்டு புதிய மின்சார கார்களுக்கு ஒரே நாளில் 30,179 பேர் பதிவு செய்தார்கள். இப்படிக் கூட்டம் சேரும்போது டெலிவரி தேதி தள்ளிப்போகும். முன்பணம் முழுதாகத் திரும்புமா, விலை உயர்ந்தால் பழைய விலைக்கே தருவார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ரசீதிலேயே இருக்க வேண்டும். அறிமுகமாகிச் சில மாதங்கள் ஆன மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மென்பொருள் குறைகள் அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடிக்காமல், தன் அலுவலகப் பாதையில் ஓட்டிப் பார்க்கவும், தன் பார்க்கிங்கின் சரிவில் இறக்கி ஏற்றவும் கேட்கலாம். அடியில் பேட்டரி இருப்பதால் சில செல்லார்களின் செங்குத்தான சரிவில் தரை தட்டுமா என்பது அப்போதுதான் தெரியும்.

ஹைதராபாத்தின் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: சென்னைக்குப் போய்வர முடியுமா? பாதையைப் பொறுத்து 630 கிலோமீட்டருக்கு மேல். முழு சார்ஜில் கிளம்பினால் 270 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். பிறகு 80 சதவீதம் வரை மட்டும் ஏற்றிக்கொண்டால் 210 கிலோமீட்டருக்கு ஒன்று. இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 40, 50 நிமிடம் நின்றால் போதும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் எப்படியும் நிற்பவர்களுக்கு இது பெரிய சுமை அல்ல. ஆனால் ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்தது எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்களில் பணம் போட்டு வைத்துக்கொள்வதும், அந்த இடத்தில் கடைசியாக யார் எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று கிளம்புவதற்கு முந்தைய நாளே பார்த்துவைப்பதும் அவசியம்.

சிரமம் பொங்கலின்போதுதான். சங்கராந்திக்கு ஆந்திராவுக்குப் போகும் நகரமே விஜயவாடா சாலையில் இறங்குகிறது. சௌட்டுப்பல் அருகே பந்தங்கி சுங்கச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. அதே நாளில்தான் தமிழ்க் குடும்பங்களும் கிளம்புகின்றன. சார்ஜர்களிலும் அன்று வரிசை இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் முக்கால் மணி நேரம் என்றால், முன்னால் இரண்டு கார் நின்றாலே ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஒரே ஒரு கார்தான், அதுவும் மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வயதான பெற்றோரைப் பார்த்துவர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் இன்னும் ஓரிரு வருடம் பெட்ரோலிலோ ஹைப்ரிட்டிலோ இருந்துகொள்வதில் தவறில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் போகிறவர் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பலாம். அல்லது காரைச் செல்லாரில் விட்டுவிட்டு, மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்கலாம். அதற்கு அறுபது நாள் முன்னால் டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.